என் பை, அவளுடைய அவுஸ்திரேலியா

அவுஸ்திரேலியா என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில், பள்ளிக்கூட நூலகத்தின் கிழிந்த அட்லஸில், ஒரு பக்கம் முழுவதையும் தனக்கே எடுத்துக்கொண்டு படுத்திருந்த அந்த நாட்டைக் கண்டுபிடித்தவன் நான். எங்கள் வீட்டில் மற்ற யாருக்கும் கிரிக்கெட்டைத் தவிர அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

நாற்பது தாள் கொப்பி ஒன்றில் பயணத்தை எழுதத் தொடங்கினேன். பேர்த்தில் இறங்குவது. அங்கிருந்து ரயிலில் கிழக்கே அடிலெய்ட். பிறகு நாட்டின் வயிற்றை நடுவாகப் பிளந்துகொண்டு வடக்கே டார்வின். தனியாக. முதுகில் ஒரு பை, கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல், கூட ஒரு ஈ காக்கை கிடையாது. கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், புவியியல் எடுத்ததே அந்தக் கொப்பிக்காகத்தான் என்று சொன்னால் அப்பா அடிப்பார். ஆனால் உண்மை அதுதான். பட்டம் வாங்கி ஒன்றரை வருஷமாக வேலை கிடைக்காமல் ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ட்யூஷன் கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு கொப்பி மூன்று கொப்பியாகியிருந்தது. பாஸ்போர்ட் மட்டும் எடுக்கவில்லை. என்ன அவசரம், நாடு எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்தேன்.

நாடு ஓடவில்லை. என் தங்கச்சி ஓடினாள்.

என்னைவிட இரண்டு வயது இளையவள். ஏ.எல். ஒரு தடவை எழுதினாள், ரிசல்ட்டைப் பார்த்தாள், "இது சரிவராது" என்று சொல்லிவிட்டு, எங்கள் மாத்தளை டவுனுக்கு வெளியே தம்புள்ளை ரோட்டிலிருந்த ஒரு ஸ்பைஸ் கார்டனில் வேலைக்குச் சேர்ந்தாள். வெள்ளைக்காரர்களுக்குக் கறுவாப்பட்டையைச் சுரண்டிக் காட்டுவது, ஏலக்காயை உடைத்து மூக்கில் பிடிப்பது, கிழவர்களின் முழங்காலில் எண்ணெய் தேய்த்துவிட்டு "நோ மோர் பெயின், சேர்" என்பது. இதுதான் வேலை. நான் கம்பஸில் நான்கு வருஷம் மூச்சுப் பிடித்துப் படித்த ஆங்கிலத்தை அவள் மூன்று மாதத்தில் சிரித்துச் சிரித்தே பிடித்துவிட்டாள். எனக்கு அப்போதே காதில் புகை வந்தது. ஆனால் அது சின்னப் புகை.

பெரிய புகை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. அம்மா அம்மியில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தார். அப்பா தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவர். அன்று லீவு, பனியனோடு உட்கார்ந்து பாண் துண்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். தங்கச்சி ஒரு கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"அண்ணே, படிச்சுப் பாரு."

படித்தேன். அடிலெய்டுக்குப் பக்கத்தில் பண்ணை வைத்திருக்கிற ஒரு வயசான தம்பதி. இரண்டு தடவை கார்டனுக்கு வந்தவர்களாம். மகளைப் போல நினைக்கிறார்களாம். விசாவுக்குப் பொறுப்பேற்று எழுதியிருந்தார்கள்.

"எவ்வளவு நாளைக்கு?" என்றார் அப்பா.

"ரெண்டு மாசம் அப்பா. அவங்க வீட்ல பத்து நாள். பொறகு நானே தனியா சுத்தப் போறேன். பஸ்ஸுல, ரயில்ல. முதுகுல பேக் மாட்டிக்கிட்டுப் போவாங்கல்ல, அந்த மாதிரி."

அம்மா குழவியை நிறுத்தினார். "தனியா என்னாடி தனியா? திருவிழாவுக்குப் போறதுக்கே நாலு பேரத் தொணைக்குக் கூப்புடுறவ."

"அது இங்க. அங்க போனா தனியாத்தான் போகணும். அண்ணே எல்லாம் எழுதி வெச்சிருக்கு. அது சொல்லித் தரும்." என் பக்கம் திரும்பினாள். "என்னாண்ணே?"

நான் என்ன சொல்ல? வயிற்றுக்குள் அம்மா அரைத்துக்கொண்டிருந்த சம்பல் முழுவதையும் யாரோ வழித்துப் போட்டதுபோல இருந்தது. "பாப்போம்" என்றேன்.

அப்பா கடிதத்தை மடித்தார். யோசிக்கும்போது அவர் தாடையைச் சொறிவார்; அன்று நன்றாகவே சொறிந்தார். "காசு?"

"சேத்து வெச்சிருக்கேன். டிக்கெட்டுக்குப் போதும்."

"போறது பெருசில்ல. திரும்பி வருவியா? இங்கேருந்து போன எவன் திரும்பி வந்தான்?"

"வருவேன் அப்பா. சத்தியமா."

"சரி. ஒரு டெஸ்ட் வைக்கிறேன். லொறிக்கு ஆள் எடுக்கிறப்பகூட வளைவுல ஒரு தடவ ஓட்டிக் காட்டச் சொல்லுவேன்." டெஸ்ட் இதுதான்: தங்கச்சி முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தனியாக ரத்தோட்டை, ரிவர்ஸ்டன் வழியாக மலையைத் தாண்டி வில்கமுவவுக்குப் போக வேண்டும். அங்கே அப்பாவுக்குப் பூசணிக்காய் கொடுக்கிற ஒரு சிங்கள விவசாயி குடும்பம் இருந்தது. அங்கே ஒரு நாள் தங்கி, மறுநாள் தம்புள்ளைப் பக்கமாகச் சுற்றித் திரும்பி வர வேண்டும். யாரையும் உதவிக்குக் கூப்பிடக் கூடாது. முடியவில்லை என்று பாதியில் வந்தால் அவுஸ்திரேலியா கிடையாது. "அப்புறம் என்கிட்ட மூஞ்சியத் தூக்கக் கூடாது."

"மூஞ்சியத் தூக்க மாட்டேன்" என்று அவள் கையை நீட்டி அப்பாவிடம் சத்தியம் அடித்துக் கொடுத்தாள். பிறகு சந்தோஷத்தில் ஒரு விஷயத்தையும் சொன்னாள்: "அப்பா, விசாவுக்குப் பொலிஸ் ரிப்போர்ட் ஒண்ணு வேணுமாம். க்ளீனா இருக்கணுமாம். நம்ம பேருலதான் ஒண்ணும் இல்லியே!"

அதற்குப் பிறகு மூன்று வாரம். அதை எப்படிச் சொல்வேன்? ஒருவன் பத்து வருஷம் ஒரு பெண்ணை மனசுக்குள் காதலித்து, கடைசியில் அவள் கல்யாணத்துக்கு அவனையே பந்தல் போடக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அதுதான். ஒவ்வொரு சாயந்தரமும் வேலை முடிந்து வந்து என் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவாள்.

"அண்ணே, இந்த இடத்துல பஸ் நிக்கிறப்ப தண்ணி நிரப்பலாமா?"

"தண்ணி நிரப்புற எடத்துல பாம்பு இருக்கும். உலகத்துலயே வெஷம் கூடின பாம்பு எல்லாம் அங்கதான்."

"ரிவர்ஸ்டன்ல அட்டை இருக்கிற மாதிரியா?"

"அட்டையும் பாம்பும் ஒண்ணா?"

"அட்டைக்கு உப்பு வைக்கலாம். பாம்புக்கு ஓடணும். அவ்வளவுதானே." எழுதிக்கொண்டாள். நான் சிலந்தி பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டாள். நடுப் பாலைவனத்தில் பஸ் பழுதாகி மூன்று நாள் கிடந்தவர்களைப் பற்றிச் சொன்னேன்; அப்படி யாரும் கிடந்ததாக எனக்குத் தெரியாது, அந்த நிமிஷத்தில் உண்டாக்கிய கதை. அதையும் எழுதிக்கொண்டாள். கீழே, "பிஸ்கட் கூடக் கொண்டு போகணும்" என்று சேர்த்தாள்.

இன்னொரு நாள் நேராக என் நெஞ்சில் குத்தினாள். "அண்ணே, அடிலெய்ட்காரங்களுக்குப் போன் கோல் எடுத்துக் கேட்டேன். நீ எழுதியிருக்கிற ரயிலு இப்ப அந்த நாள்ல ஓடுறதில்லையாம். நான் திருத்தவா?" என் கையிலிருந்த பேனையையே வாங்கி, நான் ஒன்பதாம் வகுப்பில் எழுதிய வரியை ஒரு கோடு போட்டு வெட்டினாள். பத்து வருஷக் கொப்பியில் அடுத்தவர் கையெழுத்து விழுந்தது அன்றுதான் முதல் தடவை.

அப்புறம் பை.

பையின் கதை வேறு. கம்பஸ் இரண்டாம் வருஷத்தில் கண்டியில் ஒரு வெள்ளைக்காரப் பையன் ஊருக்குப் போகிறபோது விற்றுவிட்டுப் போனது. கரும்பச்சை, இடுப்புப் பட்டி, மார்புப் பட்டி, பக்கத்தில் வலைப் பை, மேலே மழை மூடி. எவ்வளவு அழகு! அதை ஒரே ஒரு தடவைதான் வெளியே மாட்டியிருக்கிறேன். அந்த யுத்த வருஷங்கள் தெரியும்தானே. ரேடியோ காலையும் மாலையும் பார்சல் குண்டு, பார்சல் குண்டு என்றது. பஸ் சீட்டுக்குக் கீழே பாருங்கள் என்று மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தார்கள். அப்படி இருக்க, என் வயசுத் தமிழன் ஒருவன் தன் உடம்பில் பாதி அளவு பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குள் நடந்தால்? பத்து அடி போயிருப்பேன். பிறகு துப்பாக்கியோடு நின்ற ஆமிக்காரர்கள் பெஞ்சில் என் ஜட்டி வரை எடுத்து விரித்து வைத்தார்கள். மூன்று மணி நேரம் உட்கார வைத்து, என் ஐடியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, போ என்றார்கள். அன்றிலிருந்து பை அலுமாரிக்கு மேலே. கிறிஸ்மஸ் குடில் சாமான்கள் அதற்குள்தான் இருந்தன. மாட்டுக் கொட்டகை, மூன்று ராசாக்கள், காது உடைந்த கழுதை.

தங்கச்சி ராசாக்களை எடுத்து ஷூப் பெட்டியில் வைத்துவிட்டுப் பையை உதறினாள். "அண்ணே, நீ ஒருத்தன் சும்மா வெச்சிருக்கியே. கேட்டுட்டுத்தான் எடுக்குறேன். தருவல்ல?"

அம்மா அங்கேதான் நின்றார். அப்பாவும். "தர்றேன்" என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் அதை மாட்டிக்கொண்டு முன்வாசலில் மேலும் கீழும் நடந்தாள். அந்தப் பை அவள் முதுகில் நின்ற நேர்த்தி இருக்கிறதே, அதுதான் தாங்க முடியவில்லை. எனக்கு ஒருநாளும் அப்படி நின்றதில்லை. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே எட்டி, "அடியே, நெசமா வெள்ளக்காரி மாதிரியே இருக்கியே!" என்றாள். அவளைப் பார்த்து எந்த ஆமிக்காரனும் ஜட்டியைக் காட்டச் சொல்லமாட்டான். அவள் சிரிப்பாள், சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொல்வாள், போய்விடுவாள். அது எனக்குத் தெரியும்.

டெஸ்டுக்கு முந்தின நாள் சாயந்தரம் நானே பையை அடுக்கித் தருகிறேன் என்றேன். "அடுக்குறதும் ஒரு சயன்ஸ்தான், சும்மா திணிக்க முடியாது" என்று பெரிய பேச்சு. அவள் வேலையிலிருந்து வருவதற்குள் முடித்துவிட்டேன். மேலே அவள் உடுப்பு, துவாய், பிஸ்கட், தண்ணீர். அடியில், அம்மாவின் அம்மிக்குழவி.

ஆமாம். அம்மிக்குழவி. ஏழெட்டுக் கிலோ கருங்கல். அவள் ரத்தோட்டையில் பஸ் மாறுவதற்குள் முதுகு ஒடிந்து, "முடியலப்பா" என்று திரும்பி வர வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. கல் உள்ளே உருண்டு காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக என் பழைய சாரத்துணியால் சுற்றினேன். சாரம் அவிழக் கூடாது என்பதற்காகக் கறுப்பு வயர் டேப்பால் இறுக்கிச் சுற்றினேன். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த முனைகளையும் மடித்து ஒட்டினேன். பட்டதாரி. புவியியலில் செக்கண்ட் கிளாஸ். அந்த வருஷங்களில், ஒரு தமிழ்ப் பெண்பிள்ளையின் பையின் அடியில், கறுப்பு டேப் சுற்றிய உருளையை என் கையாலேயே செய்து வைத்தேன். அது எதைப் போல இருக்கிறது என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. பொறாமைப்படுகிறவனுக்குத் தன் வேலையைத் தவிர எதுவும் கண்ணில் படாது.

காலையில் அவள் பையைத் தூக்கிப் பார்த்தாள். "அண்ணே, பாரமா இருக்கே."

"ஒஸ்ட்ரேலியாவுல இதவிடப் பாரம். தூக்க முடியலைன்னா இப்பவே சொல்லிரு."

"யாரு முடியலைன்னா?" மாட்டினாள். பட்டியை இறுக்கினாள். நெற்றி நரம்பு புடைத்தது, ஆனாலும் சிரித்தாள்.

"வழியில தொறக்காத" என்றேன். "தொறந்தா திரும்ப அடுக்க ஒனக்கு வராது."

அவள் முதல் பஸ்ஸில் போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, "நீ அடுத்த பஸ்ஸுல பின்னாடியே போ. அவளுக்குத் தெரியக் கூடாது. பொம்பளப் புள்ள, மனசு கேக்குதில்ல."

பாருங்கள். என் நாடு, என் கொப்பி, என் பை. எனக்குக் கிடைத்த வேலை என்ன? அடுத்த பஸ்ஸில் வால். அவளுக்கு முடியாமல் போகுமா என்று அப்பாவுக்குப் பயம். முடிந்துவிடுமா என்று எனக்குப் பயம். வீட்டை விட்டு இறங்கும்போது உள்ளே அம்மா, "எங்க போச்சு இந்தக் கொழவி? எலியா தூக்கிக்கிட்டுப் போச்சு?" என்று தேடும் சத்தம் கேட்டது. செருப்பை வேகமாக மாட்டினேன்.

ரத்தோட்டையில் இறங்கிப் பார்த்தேன். அவள் இல்லை. மேலே போகிற பஸ்ஸில் ஏறியிருக்கிறாள், பாவி. அரை மணி நேரம் காத்திருந்து அடுத்த பஸ் பிடித்தேன். கொண்டை ஊசி வளைவு, தேயிலை, பிறகு தேயிலையும் முடிந்து வெறும் பனிப்புகார். உச்சிக்கு ஒரு வளைவு கீழே பஸ் நின்றது. முன்னால் ஒரு டிராக்டரும் இரண்டு மோட்டார் சைக்கிளும் நின்றன. கொண்டக்டர் இறங்கிப் போய் விசாரித்துவிட்டு ஓடி வந்தான்.

"மேல சிக்னல் டவர்கிட்ட ஏதோ பார்சலாம். குண்டாம். தமிழ்ப் புள்ள ஒண்ணு கொண்டாந்துச்சாம். பஸ்ஸத் திருப்பப் போறோம், எல்லாரும் குந்துங்க."

எனக்குக் காது அடைத்தது. இதை எழுதாமல் விட்டால் நான் பெரிய பொய்யன் ஆகிவிடுவேன், ஆகவே எழுதுகிறேன்: அந்தப் பயத்துக்கு முன்னால், ஒரு மூச்சு நேரம், அவள் போகமாட்டாள் என்று எனக்குள் ஏதோ ஒன்று சந்தோஷப்பட்டது. ஒரே ஒரு மூச்சு. அதற்குப் பிறகு, பொலிஸ் புத்தகத்தில் பெயர் ஏறுவது ஞாபகம் வந்தது. அவளை எங்கே கொண்டுபோவார்கள் என்பது ஞாபகம் வந்தது. அந்த வருஷங்களில் கொண்டுபோனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை.

பஸ் திரும்ப ஆரம்பித்தது. உட்கார்ந்தே இருந்தால் மாலைக்குள் வீட்டில் இருக்கலாம். கல்லை வைத்தவன் யார் என்று யாருக்குத் தெரியும்? இறங்கினேன். கொண்டக்டர், "ஏய், எங்க போறீங்க? பைத்தியமா?" என்று கத்தினான். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு வளைவில் ஏறினேன்.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. ரோட்டின் நடுவில் என் பை தனியாக நின்றது. அதைச் சுற்றி நாற்பது அடிக்கு ஒரு ஆளும் இல்லை. அந்தப் பக்கம் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் ஐந்தாறு ஆமிக்காரர்கள். அதற்கும் அப்பால் ஒரு மதகின் மேல் தங்கச்சி, முழங்காலில் கை வைத்து, ஊர்க்காவல் படையின் ஒரு பெண் ஹோம்காட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முதல் பஸ்ஸில் வந்த எல்லோரையும் வழமைபோல இறக்கி, பையோடு நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். "என்ன நங்கி, கல்லா கொண்டுபோறே?" என்று தங்கச்சி முறை வைத்து ஒருவன் பகிடிக்குக் கேட்டுத்தான் பையைத் திறந்திருக்கிறான். மற்றவர்களை ஏற்றி அந்த பஸ்ஸை அப்பால் அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

"நில்லு!" என்றார் சார்ஜன்ட். நடுத்தர வயசு, மீசையில்லாத முகம். அங்கே நடந்த பேச்செல்லாம் சிங்களத்தில். "யாரு நீ?"

"சேர், நான் அவளோட அண்ணன். அது குண்டு இல்ல. அம்மிக்குழவி."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் வெச்சேன்."

மதகின் மேல் தங்கச்சியின் தலை நிமிர்ந்தது.

"அம்மிக்குழவிய எதுக்குடா டேப் சுத்தி அவ பேக்ல வெச்சே?"

பதில் எனக்குத் தெரியும். சிங்களத்திலும் தெரியும். ஆனால் வாயில் வரவில்லை. தமிழில்கூட ஒருநாளும் யாரிடமும் சொல்லாத வார்த்தை. "அவளுக்குப் பாரமா இருக்கணும்னு. அவ திரும்பி வரணும்னு."

"ஏன்?"

"பொறாம, சேர். எனக்கு அவமேல பொறாம."

ஆமிக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். சார்ஜன்ட் சிரிக்கவில்லை. "கண்டியிலருந்து குண்டு எடுக்குற கோஷ்டிக்குச் சொல்லப் போறேன். அவங்க வந்தா பொலிசும் வரும், இந்தப் புள்ளயோட பேரு, ஐடி எல்லாம் எழுதுவாங்க. நீ சொல்றது நெசம்னா, போ. நீயே தொறந்து காட்டு."

நாற்பது அடி. எனக்குத் தெரியும், அதற்குள் இருப்பது நான் வைத்த கல்தான் என்று. தெரிந்தும் பாதி வழியில் ஒரு தடவை நின்றுவிட்டேன். இருபது பேர் குண்டு என்று நம்புகிற பையை நோக்கி நடந்தால், நமக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. நான் வைத்தபிறகு வேறு யாராவது ஏதாவது வைத்திருந்தால்? பிஸ்கட்டை எடுத்தேன், துவாயை எடுத்தேன், அவள் சட்டைகளை ஒவ்வொன்றாக ரோட்டில் வைத்தேன். உருளையைத் தூக்கினேன். டேப் நகத்துக்கு வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். அம்மா இருபது வருஷம் அரைத்த செத்தல் மிளகாய் அந்தக் கல்லுக்குள்ளேயே ஊறிக் கிடந்திருக்கிறது; நாக்கில் சுரீர் என்றது. கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாயால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். சார்ஜன்ட் குழவியை வாங்கி முகர்ந்து பார்த்தார்; தும்மினார். அதற்குப் பிறகுதான் எல்லோரும் சிரித்தார்கள். என்னை அறைவார் என்று நினைத்தேன். கையை ஓங்கவும் ஓங்கினார். பிறகு இறக்கிவிட்டு, "என்ன பொறாம?" என்றார். "மாப்பிள்ளை விஷயமா?"

"இல்ல சேர். ஒஸ்ட்ரேலியாவுக்குப் போகப் போறா. தனியா. சுத்திப் பாக்க."

அவ்வளவு பேரும் திரும்பித் தங்கச்சியைப் பார்த்தார்கள். ஒருவன் துப்பாக்கியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "நங்கி, நெசமாவா?" என்றான். அவன் முகத்தில் நான் பார்த்தது எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். கண்ணாடியில் மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்த முகம்.

"நான் ரெண்டு வருஷமா இந்த உச்சியிலதான்" என்றார் சார்ஜன்ட். "லீவு கெடைச்சா வீடு, வீடு விட்டா இங்க." புத்தகத்தை விரித்தார். "ஆனா ஒரு பேரு எழுதியே ஆகணும். பஸ்ஸ நிறுத்தியிருக்கேன், மேல சொல்லியிருக்கேன்."

தங்கச்சி எழுந்து வந்தாள். அடையாள அட்டையை எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். அவளுக்கும் தெரியும் அந்தப் பெயர் எங்கே போய் நிற்கும் என்று. எடுத்த அட்டையை நீட்டவில்லை.

"என் பேர எழுதுங்க சேர்" என்றேன். "நான்தானே வெச்சேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

பெரிய தியாகம் செய்ததாக நினைக்க வேண்டாம். அந்த நேரத்திலும் எனக்குள் ஓடியது என்ன தெரியுமா? பேர் ஏறினால் இனி நான் போக முடியாது, அவள்தான் போவாள், அதையும் நானே செய்கிறேனே என்ற கொதிப்புதான். கொதித்துக்கொண்டே ஐடியை நீட்டினேன். அவர் என் பெயரை மெதுவாக, எழுத்து எழுத்தாக எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

நான் வந்த, கீழே திரும்பப் போன பஸ்ஸை மறுபடி மேலே விட்டார்கள். தங்கச்சி உடுப்புகளைத் தூசு தட்டித் தானே அடுக்கினாள். நான் சொன்ன சயன்ஸ் எதுவும் இல்லாமல், சரசரவென்று, என்னைவிட நன்றாக. என் முகத்தைப் பார்க்கவில்லை. பையை மாட்டி மிதிபலகையில் ஏறிய பிறகுதான் திரும்பினாள்.

"என்ன எங்கயாவது கொண்டுபோயிருந்தா என்னாண்ணே பண்ணியிருப்ப?"

சார்ஜன்ட் திருப்பித் தந்த குழவியை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"கல்லத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போ. அம்மா சம்பலுக்குத் தேடும். அப்பாகிட்ட நீயே சொல்லு, நான் சொல்ல மாட்டேன்."

பஸ் அந்தப் பக்கம் இறங்கிப் புகாருக்குள் போனது. நான் குழவியைத் தோளில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் இறங்கினேன். கல்லும் கையுமாக நடக்கிறவனை யார் ஏற்றுவார்கள்? ரத்தோட்டை வரை பாதி தூரம் நடை. தோளை மாற்றி மாற்றி வைத்ததில் இரண்டு தோளும் கன்றிவிட்டன. அவள் காலையில் டவுனிலிருந்து இந்தப் பாரத்தோடு சிரித்துக்கொண்டே போயிருக்கிறாள் என்பது ஒவ்வொரு வளைவிலும் ஞாபகம் வந்தது.

வீட்டில் சொன்னேன். அப்பா அடிக்கவில்லை. லொறிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டு முடித்து, "அவள நம்பாம ஒன்னய பின்னாடி அனுப்புனேன் பாரு" என்று மட்டும் சொன்னார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அம்மா குழவியை வாங்கி, மிச்சமிருந்த டேப்பைப் பார்த்து, "இதுக்குத்தான் கம்பஸ் அனுப்புனமா?" என்றார். கொதிதண்ணீர் ஊற்றி மூன்று தடவை கழுவினார்.

தங்கச்சி மறுநாள் பின்னேரம் தம்புள்ளைப் பக்கத்திலிருந்து தனியாக வந்து இறங்கினாள். கையில் வில்கமுவ விவசாயி கொடுத்துவிட்ட ஒரு பூசணிக்காய், கால் முழுக்கச் சேறு. அப்பா பொலிஸ் ரிப்போர்ட்டுக்கு அவளோடு தானே போனார். க்ளீன். விசாவும் வந்தது. நான் பிறகொரு நாள் எனக்குக் கேட்டுப் போனபோது, ரிவர்ஸ்டன் விஷயம் என்ன என்று இரண்டு தடவை வரச் சொன்னார்கள். மூன்றாம் தடவை நான் போகவில்லை.

போகிற அன்று என் அறைக்கு வந்தாள். அதுவரைக்கும் என்னோடு தேவைக்குத்தான் பேசிக்கொண்டிருந்தாள். "பேக் கொண்டுபோறேன். கொப்பியும் தா."

மூன்று கொப்பியையும் கொடுத்தேன். அடியில் ஒன்றும் வைக்கவில்லை. அவள் இரண்டு தடவை குலுக்கிப் பார்த்தாள். அவள் பக்கத்தில் நியாயம் இருந்தது.

ஐந்து வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது, உள்ளே ஒரே ஒரு படம். சிவப்பு மண் ரோடு, முடிவில்லாமல் நேராக. அதன் நடுவில் என் பை தனியாக நிற்கிறது. சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. பின்பக்கம் எழுதியிருந்தாள்: "அண்ணே, இங்க யாரும் தொறந்து பாக்கல."

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேக்கத்தானே அனுப்பியிருக்கா. இவ மூஞ்சி எங்கடா?"

நான் படத்தைக் கையில் வாங்கினேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ரோடு இரண்டாம் கொப்பியில், நடுப் பக்கத்தில், சிவப்புப் பேனையால் நான் போட்ட கோடு. பிறகு பையைப் பார்த்தேன். இடுப்புப் பட்டியை முறுக்கி, தலைகீழாக மாட்டியிருக்கிறாள். எப்படி மாட்டுவது என்று முதல் கொப்பியிலேயே படம் போட்டு எழுதியிருக்கிறேன். படித்திருக்கவே மாட்டாள்.